பெங்களூர் அல்சூரிலிருந்து ஓர் ஒப்புதல் வாக்குமூலம்
பொழுதுபோக்காகச் சிறு விமானம் ஓட்டுபவர்கள் மழைமேகத்தில் செய்த தவறுகளை மறைக்காமல் பேச வேண்டும் என்கிறது கட்டுரை. சரி, என் தவறு இது. பெங்களூரில் உரிமம் வாங்கிய புதிதில், நந்தி மலைப் பக்கம் மேகம் தாழ்வதைப் பார்த்தும் 'இன்னும் ஐந்து நிமிடம்' என்று போனேன். அடிவானம் மறைந்தது. நேராகப் பறப்பதாக உடம்பு சத்தியம் செய்தது. விமானத்தின் சாய்வுகாட்டும் கருவியோ இடப்பக்கச் சாய்வைக் காட்டியது. உடலின் சமநிலையை உணரும் உட்காது (காதின் உட்பகுதி) மெதுவான திருப்பத்தை உணர்வதில்லை. 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகச் சோதனையில், கருவியை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி இல்லாத 20 பேருமே, வெளியே எதுவும் தெரியாத நிலையில் விமானத்தின் கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 விநாடிகளில்! கருவியை மட்டும் பார்த்தபடி மெல்லத் திருப்பினேன். தரை தெரிந்தபோது சட்டை நனைந்திருந்தது. அல்சூரில் இருக்கும் அம்மாவுக்கு இன்றுவரை இது தெரியாது. நல்லவேளை, அவர் இணையத்தில் செய்தி படிப்பதில்லை.