எக்ஸ்போஸ் அணியை ஒழித்தது வேலைநிறுத்தம் மட்டும் அல்ல

வட அமெரிக்க பேஸ்பால் லீக்கில் 1994இல் நடந்த வேலைநிறுத்தத்துக்கு வீரர்களின் பேராசையே காரணம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. என்னால் இதை ஏற்க முடியவில்லை. சம்பளத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர்கள் அணி முதலாளிகள். பேச்சு முறிந்தது, ஆகஸ்ட் 12 அன்று வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். செப்டம்பர் 14 அன்று, சாம்பியனை முடிவு செய்யும் உலகத் தொடரே ரத்தானது. 1904க்குப் பிறகு அந்தத் தொடர் நடக்காமல் போனது அந்த ஒரு வருடம்தான்.

கனடாவின் மான்ட்ரியல் எக்ஸ்போஸ் அணியை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. வேலைநிறுத்தம் தொடங்கியபோது 74 வெற்றி, 40 தோல்வி. மொத்த லீக்கிலும் முதலிடம், தங்கள் பிரிவில் அடுத்து இருந்த அட்லாண்டா அணியைவிட 6 ஆட்டம் முன்னால். அப்பா ஃபெலிப்பே ஆலு மேலாளர், மகன் மொய்சஸ் இடது களத்தில். பந்து வீச 22 வயது பெட்ரோ மார்ட்டினெஸ். இன்னொரு வீரர் லாரி வாக்கர் ஒரு ஆட்டத்தில், எதிரணியின் முறையை முடிக்கும் மூன்றாவது அவுட் விழுந்துவிட்டது என்று நினைத்து, பிடித்த பந்தைப் பார்வையாளர் வரிசையில் இருந்த சிறுவன் கையில் கொடுத்துவிட்டார். விழுந்திருந்தது இரண்டுதான்! ஓடிப்போய்த் திரும்ப வாங்கி எறிந்தார். அப்படி ரசித்து ஆடிய அணி அது.

அதன் பிறகு நடந்ததுதான் பெரிய கொடுமை. 1995 ஏப்ரலில் வேலைநிறுத்தம் முடிந்ததும் செலவைக் குறைக்கிறோம் என்று முக்கிய வீரர்களான கிரிஸம், கென் ஹில், வெட்டலண்ட் மூவரையும் சில நாட்களுக்குள் அடுத்த அணிகளுக்குத் தள்ளிவிட்டார்கள். வாக்கரும் கொலராடோ அணிக்குப் போய்விட்டார். இதைச் செய்தது வீரர்கள் சங்கமா? அணி நிர்வாகம் அல்லவா? கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 2004 சீசனோடு அணியே வாஷிங்டனுக்குப் போய்விட்டது.