சின்னப்பிள்ளை அளவு இல்லை

"உயரம் குறைஞ்ச ஆக்களுக்குச் சின்னப்பிள்ளை அளவு மயக்க மருந்து போதும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது பிழை, ஆபத்தும்கூட. முழு மயக்கத்துக்கான மருந்தின் அளவை உயரத்தை மட்டும் வைத்துக் கணிப்பதில்லை. முக்கியமாக உடல் நிறையைப் பார்ப்பார்கள்.

உப்புவெளியில் இருக்கும் என் அக்காவுக்கு அக்கோண்ட்ரோபிளேசியா, அதாவது எலும்பு வளர்ச்சிக் குறைபாட்டால் உயரம் குறைவாக இருக்கும் பிறவி நிலை. சிசேரியனுக்கு முதல் மயக்க மருந்து வைத்தியர் அவவின் கழுத்தை மெல்ல அசைத்துப் பார்த்தார், கால் விறைக்குதா என்று இரண்டு தரம் கேட்டார். இந்த நிலையில் மண்டையோட்டின் அடித்துவாரமும் முள்ளந்தண்டுக் கால்வாயும் ஒடுங்கியிருக்கலாம். மூச்சுக்காகத் தொண்டையில் குழாய் போடும்போது கழுத்தை அதிகம் பின்னுக்கு வளைத்தால் முண்ணாண் (முள்ளந்தண்டுக்குள் போகும் நரம்புத்தண்டு) நசியக்கூடும். உடம்பின் கீழ்ப்பகுதியை மட்டும் விறைக்கச் செய்ய முதுகில் போடும் ஊசியும் லேசான வேலையில்லை, மருந்து முதுகில் எவ்வளவு தூரம் மேலே ஏறும் என்று கணிப்பது கஷ்டம்.

சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்க முன்னமே மயக்க மருந்து வைத்தியரைச் சந்திக்கக் கேளுங்கோ. பழைய எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ படங்கள் இருந்தால் கையோடு கொண்டுபோங்கோ.