மஸ்க் படத்தைக் காணோம்

நாலஞ்சு வருசத்துக்கு முன்னாடி நாகர்கோவில் பக்கம் எந்தப் பள்ளிக்கூட ரோபோ போட்டிக்குப் போனாலும் சார்ட்டில் டெஸ்லா கார், ஸ்பேஸ்எக்ஸ் ராக்கெட் கம்பெனிக்காரர் எலான் மஸ்க் கைகட்டி நிற்பார், பக்கத்தில் ஒரு ராக்கெட். மேசையில் இருப்பது என்னவோ கறுப்பு டேப்பைப் பிடித்து ஓடுகிற வண்டிதான். ஆர்டுயினோ, மோட்டார் டிரைவர் மாதிரி ரோபோ சாமான் விற்கிற கடைக்காரன் என்பதால் என்னை நடுவராகக் கூப்பிடுவார்கள்.

போன மாசம் போனேன். ஒரு மேசையிலும் அவரைக் காணோம்.

ட்விட்டரை 4,400 கோடி டாலருக்கு வாங்கி பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார், டிரம்போடு ஒட்டினார், அப்புறம் முட்டிக்கொண்டார், அதனால்தான் மவுசு போச்சு என்பார்கள் நம்ம ஆட்கள். எனக்கு அப்படித் தோணவில்லை. எட்டாங்கிளாஸ் பிள்ளைக்கு வாஷிங்டன் சண்டை எதுக்கு?

அன்றைக்கு ஒரு டீமுக்கு வண்டி கறுப்புக் கோட்டிலிருந்து விலகி விலகி ஓடியது. புரோகிராமைத் திருத்தினார்கள், பேட்டரி மாற்றினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு பெண் குனிந்து உள்ளங்கையால் சென்சாரை மறைத்தாள். வண்டி கோட்டில் ஏறிவிட்டது. மேற்கு ஜன்னல் வெயில், கோட்டைப் பார்க்கிற ஐஆர் (அகச்சிவப்பு) சென்சாரைக் குருடாக்கியிருக்கிறது! சார்ட் பேப்பரை வெட்டி வண்டியைச் சுற்றிப் பாவாடை மாதிரி ஒட்டினார்கள். கண்டுபிடிச்சது யாரு மக்களேன்னு கேட்டதுதான் தாமதம், சண்டை.

"நீ சும்மா கையத்தான் வச்ச. பேப்பர் வெட்டுனது நானாக்கும்!"

அதே பெண் பரிசளிப்புக்கு முன்னால் வந்து கேட்டாள்: "அண்ணாச்சி, டெஸ்லாவ தொடங்குனது மஸ்க் இல்லியாமே?"

ஆமா. 2003-ல் தொடங்கினது எபர்ஹார்டும் டார்பெனிங்கும். 2004-ல் பணத்தோடு வந்தவர் மஸ்க். அப்புறம் எபர்ஹார்ட் கோர்ட்டுக்குப் போய், 2009-ல் இந்த மூணு பேரோடு இன்னும் ரெண்டு பேரையும் சேர்த்து அஞ்சு பேரும் நிறுவனர்னு போட்டுக்கலாம்னு சமரசம். சொன்னதும் அவள் முகத்தில் ஒரு ‘அப்பிடிச் சொல்லுங்கோ’. சால்டரிங்கில் கை சுட்ட பிள்ளைக்கு, யார் எதைச் செய்தார் என்கிற கணக்கு தானா வந்துவிடுகிறது. படம் இறங்கினது அங்கேதான் என்பது என் கட்சி.

ரெண்டு மேசையில் மேலகாட்டுவிளை வி. நாராயணன் படம் இருந்தது. 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரானவர். அவருக்கு முன்னால் இருந்த சோமநாத்துக்கும் முந்தி சரக்கல்விளை சிவன். நம்ம ஊர்க்காரங்க, சந்தோசம்தான். ஆனா போஸ்டர் மாறினால் மட்டும் என்ன, அதுவும் ரசிகர் மன்றம்தானே? ஆரல்வாய்மொழி தாண்டினால் மகேந்திரகிரி, இஸ்ரோ ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கிற இடம். அங்கே கிரயோஜெனிக் என்ஜினை, அதாவது கடுங்குளிரில் திரவமாக்கின எரிபொருளில் ஓடுகிறதை, எப்படிச் சோதிக்கிறார்கள் என்று அந்த ரெண்டு டீமிடமும் கேட்டேன். ஒரு டீமுக்குத்தான் பதில் தெரிந்தது.

பிளஸ் டூ பையன் ஒருத்தன் மட்டும் மஸ்க்கை விடவில்லை. "மூணு ராக்கெட் தோத்தும் நாலாவத விட்டாரே, அது யாருக்கு வரும்?" ஸ்பேஸ்எக்ஸின் 2008 கதை. நியாயமான கேள்வி, நான் மறுக்கவில்லை. 2015 டிசம்பரில் ஸ்பேஸ்எக்ஸ் ராக்கெட்டின் அடிப்பாகமான பூஸ்டர் அவர்களுக்கு முதல்முறையாகத் தரையில் திரும்பி வந்து நின்ற காலையில் கடை திறக்காமல் யூடியூப் பார்த்தவன்தானே நானும். அப்போது கல்லாப்பெட்டிக் கண்ணாடியில் ஒட்டின அவர் ஸ்டிக்கர் இன்னும் இருக்கு. பிய்த்தால் பசை போகாது.