அரிசியை விட்டாச்சு, அளவை விட்டோமா?

எங்கள் தெருவில் யாருக்காவது சுகர் என்று தெரிந்தால் அன்றிரவே அந்த வீட்டில் சப்பாத்திக்கட்டை வெளியே வந்துவிடும். சோறுதான் வில்லன், கோதுமை மருந்து என்று ஒரு நம்பிக்கை. கணக்கைப் பார்ப்போம். ஒரு கப் சோற்றில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து. ஒரு சப்பாத்தியில் 15 முதல் 20 கிராம். மூன்று சப்பாத்தி, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு குருமா என்றால் என்ன குறைந்தது?

ராகிக் கஞ்சி கதையும் இதேதான். கேழ்வரகில் கால்சியம் உண்டு, நார்ச்சத்து உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நைசாக அரைத்த மாவைக் கரைத்துக் கொதிக்கவைத்துக் குடித்தால் சீக்கிரமே செரித்து ரத்தத்தில் சர்க்கரையாக ஏறும். அதில் நாட்டுச் சர்க்கரை வேறு போட்டு, "வெள்ளைச் சீனி இல்லீங்க" என்பார்கள்! கருப்பட்டியோ தேனோ, எல்லாம் சர்க்கரைதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ‘இந்தியாப்’ என்ற சர்க்கரை நோய் ஆய்வு 2025-இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. நாம் சாப்பிடும் கலோரியில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறதாம். மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை, சிறுதானியம் என்று மாறுவதால் மட்டும் சுகர் வரும் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. அதில் ஒரு சிறு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்தை வைத்தால்தான் குறைகிறது.

என் கட்சி இதுதான்: பிடித்த சோற்றையே சாப்பிடுங்கள், பாதியாக. மீதி இடத்தில் பொரியல், சுண்டல், முட்டை, மீன் எது முடியுமோ அது. முதலில் காயும் பருப்பும், கடைசியில் சோறு என்று வரிசையை மாற்றினாலே சாப்பிட்ட பிறகு சுகர் ஏறுவது மட்டுப்படும். ஒன்று மட்டும்: இன்சுலின் போடுகிறவர்கள், மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் திடீரென்று சோற்றைக் குறைக்காதீர்கள், லோ சுகர் ஆகிவிடும். கிட்னி பிரச்சினை இருந்தால் புரதத்தின் அளவையும் அவரிடமே கேளுங்கள்.

அப்புறம், "பருப்பும் முட்டையும் வாங்கக் காசு?" என்பீர்கள். அது நியாயமான கேள்வி. டயட் சார்ட் எழுதித் தருகிறவர்கள் அதைக் கேட்பதே இல்லை. 2011 முதல் நம் தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அரிசி இலவசம். துவரம்பருப்பு கார்டுக்கு மாதம் ஒரு கிலோ, 30 ரூபாய். நாலு பேர் வீட்டில் பங்கு போட்டால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு எட்டு கிராம் பருப்பு, அதில் புரதம் இரண்டு கிராம்கூட வராது. சாம்பார் தண்ணியாக இருப்பதற்குச் சமைப்பவரைக் குறை சொல்லி என்ன பயன்? அரிசியில் கைவைக்க வேண்டாம். பருப்பை மூன்று கிலோவாக்குகிறோம் என்று எந்தக் கட்சியாவது தேர்தல் அறிக்கையில் போடட்டும், இதே பக்கத்தில் பாராட்டி எழுதுகிறேன்.