அரிசி அட்டையும் 2013 சட்டமும்: ஒரு திருத்தம்

ஏழைகளுக்கு ரேஷன் அரிசியைத் தந்ததே 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம்தான் என்றும், என்.பி.எச்.எச். (முன்னுரிமை பெறாத குடும்பம்) என அச்சிடப்பட்ட அட்டைக்கு இனி அரிசி கிடையாது என்றும் ஒரு செய்தியில் எழுதப்பட்டுள்ளது. இரண்டும் தவறு.

1997இல் மத்திய அரசு பொது விநியோகத்தை வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே எனப் பிரித்தபோதும் தமிழ்நாடு அனைவருக்குமான முறையைக் கைவிடவில்லை. 2011 ஜூன் முதல் அரிசி அட்டைகளுக்கு இலவச அரிசி வழங்கப்படுகிறது. 2013 சட்டமோ தொடக்கத்தில் கிலோவுக்கு 3 ரூபாய் விலை வைத்தது. அந்த விலையை மத்திய அரசு நீக்கியது 2023 ஜனவரியில்தான்.

தமிழ்நாடு இச்சட்டத்தை 2016 நவம்பரில் நடைமுறைப்படுத்தியது. முன்னுரிமைக் குடும்பங்களில் ஆளுக்கு 5 கிலோ, மிக வறியவர்களான அந்தியோதயா குடும்பத்துக்கு 35 கிலோ என்பது சட்டம் தரும் உரிமை. முன்னுரிமை பெறாதோருக்கு, அதாவது என்.பி.எச்.எச். அட்டைக்கு, மாநில அரசு தன் செலவில் அரிசி தருகிறது. மாநிலத்தின் முந்தைய ஒதுக்கீடு குறையாமலிருக்க அச்சட்டமே வழிசெய்துள்ளது என்பதும், அந்தக் கூடுதல் அரிசிக்கு மாநில அரசு மத்திய அரசுக்குத் தரும் விலை கிலோ 8 ரூபாய் 30 காசு என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. சர்க்கரை அட்டைக்கும், எந்தப் பொருளும் பெறாத அட்டைக்கும் மட்டுமே அரிசி இல்லை.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலத்தில், பாம்பன், தங்கச்சிமடம் வீடுகளில் உலையேறுவது பெரும்பாலும் இந்த அரிசிதான். இத்தகைய செய்தியை நம்பி ஒரு குடும்பம்கூடக் கடைக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது. அட்டையில் உள்ள குறியீட்டைப் பார்த்துவிட்டு, ஐயமிருந்தால் வட்ட வழங்கல் அலுவலரிடம் கேளுங்கள்.