பாவம் பார்த்து ஏரியில் விடுகிறார்களாம்!

இன்றைக்கும் தூண்டிலில் அதே சனியன். விரால் இல்லை, கெளுத்தி இல்லை, ஒரு ஜிலேபி மீன்கூட இல்லை. உடம்பெல்லாம் ஓடு, தலைக்கு அடியில் ஒட்டிக்கொள்ளும் வாய். கண்ணாடித் தொட்டியில் பாசி தின்னும் என்று விற்கிறார்களே, அந்த டேங்க் கிளீனர். சென்னை ரெட்டேரிக் கரையில் விடியற்காலை ஐந்து மணிக்கு மண்புழு கோத்து உட்கார்ந்தவனுக்கு இதுதான் கூலி. அதுவும் வாயில் மாட்டவில்லை. துடுப்பு முள்ளில் தூண்டில் நரம்பைச் சுற்றிக்கொண்டு வந்தது. பிரித்தெடுப்பதற்குள் என் கட்டைவிரலைக் கிழித்துவிட்டது.

இது ஏரிக்கு எப்படி வந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். அந்தத் திருப்பணிக்கு நானே சாட்சி.

போன ஞாயிற்றுக்கிழமை ஒருவர் ஸ்கூட்டரில் வந்தார். முன்னால் ஆறு வயது மகள், கையில் பிளாஸ்டிக் பை, பைக்குள் முழங்கை நீளத்துக்கு இந்த மீன். அவ்வளவு பெரிய கரையில் அவருக்குக் கிடைத்த இடம் என் தக்கைக்கு இரண்டடி தள்ளி. பையின் முடிச்சை நகத்தால் பிரித்துப் பார்த்தார், வரவில்லை. பல்லால் கடித்தார். பாதித் தண்ணீர் அவர் சட்டைமேல் கொட்டியது. அப்புறம்தான் வீடியோ எடுக்க வேண்டும் என்ற ஞாபகம் வந்தது. போனை மகளிடம் கொடுத்தார். குழந்தை கேமராவை விரலால் மூடிக்கொண்டு எடுத்தது. மறுபடி முதலிலிருந்து. அதுவும் சரிவராமல், "சார், கொஞ்சம் பிடியுங்களேன்" என்று போனை என்னிடமே நீட்டினார்.

பிடித்தேன். தூண்டிலைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, அவர் "போய் வா கண்ணா" என்று மீனுக்கு விடைகொடுத்ததைப் படம் பிடித்தேன். அந்த நொடி பார்த்துத் தக்கை முங்கியது. அப்படி ஒரே இழுப்பில் முங்கினால் விரால்தான், சந்தேகமே இல்லை. போனைக் கீழே போடவா முடியும்? நரம்பு அறுந்தது.

"தொட்டி அதற்குப் போதவில்லை சார், பாவம்" என்றார். போதாதுதான். தென் அமெரிக்க ஆற்று மீன் அது, வளராமல் என்ன செய்யும்? கரையை வளை வளையாகத் தோண்டும், தண்ணீருக்கு வெளியே மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும், எதற்கும் சாகாது. கொளத்தூரில் தெருவுக்குத் தெரு வண்ணமீன் கடை. அரைவிரல் நீளத்தில் அழகாக வாங்குகிறார்கள், அரையடி ஆனதும் கருணை பொங்கிவிடுகிறது. விரால்கூடத் தன் குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாக மேயும்போது பக்கத்திலேயே காவல் நிற்கும். மனிதர் ஒரு பையைக் கவிழ்த்துவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுகிறார். ஜிலேபியும் வெளிநாட்டு மீன்தான், 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் அது குழம்புக்காவது ஆகிறது.

போவதற்கு முன் என் வாளியை எட்டிப் பார்த்தார். இரண்டு ஜிலேபி கிடந்தன. மகளிடம் சொன்னார்: "பார்த்தாயா, அந்த அங்கிள் மீனைக் கொன்றுவிட்டார்."

கூடவே அந்தப் பிளாஸ்டிக் பையையும் ஏரியிலேயே விட்டுவிட்டுப் போனார். அதற்கும் விடுதலை.

இன்று வெறும் வாளியோடு வீடு திரும்பினால், விரால் குழம்புக்கென்று காலையிலேயே மனைவி புளி கரைத்து வைத்திருக்கிறாள். அது வத்தக்குழம்பாயிற்று. அதில் உப்பு இல்லை. சொன்னதற்கு, "ஏரியில் போய்ப் பிடித்துக்கொண்டு வாருங்கள்" என்கிறாள்.