மலைக்காற்று யாருக்குச் சுத்தம்?

இலங்கை மலையகத்தில் நடந்த அந்தப் பிங்க் மாத (மார்புப் புற்றுநோய் விழிப்புணர்வு மாத) கூட்டத்தின் வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மேடையில் ஒருவர் சொன்னார்: "இவ்வளவு சுத்தமான காற்றில் இருந்தும் தோட்டத்துப் பெண்களுக்கு மார்புப் புற்றுநோய் வருதுன்னா, அவங்க கவனக்குறைவுதான் காரணம்." கைதட்டலும் கிடைத்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

சுத்தமான காற்று வியூ பொயின்டில் இருக்கிறது ஐயா. தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்துக் குசினியில் இல்லை.

2023இல் வந்த அமெரிக்க ஆய்வு, சுமார் 20 வருடம் பெண்களைத் தொடர்ந்து கவனித்தது. ஆய்வில் சேர்வதற்கு 10, 15 வருடம் முந்திய காற்றைக்கூடக் கணக்கில் எடுத்தார்கள். பிஎம் 2.5 எனும், நுரையீரலின் ஆழம் வரை போகும் நுண்துகள் கனமீற்றருக்கு 10 மைக்ரோகிராம் கூடியிருந்த இடங்களில் மார்புப் புற்றுநோய் வருவது 8% கூடுதலாக இருந்தது என்றார்கள்.

"அது வெளிக்காற்று, விறகுப் புகை இல்லையே" என்பீர்கள். விறகுப் புகையிலும் பிஎம் 2.5 நுண்துகள் இருக்கிறது. வீட்டுக்குள் விறகு எரிக்கும் புகையைப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது (2A வகை) என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகமே வகைப்படுத்தியிருக்கிறது. முக்கியமாக நுரையீரலை வைத்துச் சொன்னது, தெரியும். அதனால் மார்பைப் பற்றிக் கேட்கவே கூடாதா? வயது, பரம்பரை எல்லாம் காரணம்தான், மறுக்கவில்லை. "நீ டொக்டரா?" இல்லை. புகைக்குள் வளர்ந்தவள்.

என் பெரியம்மா விடியமுன் எழும்பி, மழையில் நனைந்த கவ்வாத்து மிலாறை (வெட்டிய தேயிலைச் செடிக் குச்சிகளை) ஊதி ஊதி ரொட்டி சுடுவார். குளிருக்குக் கதவு சாத்தியிருக்கும். பிறகு பெரட்டுக்கு, காலையில் வேலைக்குப் பேர் பதியும் இடத்துக்கு, ஓடுவார். மார்பில் கட்டி வந்தபோது, "ஏன் முன்னமே வரல்ல?" என்று ஆஸ்பத்திரியில் கத்தினார்கள். கிளினிக்குக்குப் போனால் அன்றைக்குப் பேர் விழாது, சம்பளம் இல்லை என்று அவர்களுக்கு யார் சொல்வது? புகையால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை, ஒருத்தியைக் காட்டி யாரும் அப்படிச் சொல்ல முடியாது. கவனக்குறைவால் வந்தது என்று மட்டும் உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

பெண்களைப் பரிசோதிக்கும் சுக வனிதையர் கிளினிக்குக்குப் போங்கள், 35 தாண்டிய எல்லோரும் போங்கள். அதை நானும் வீடு வீடாகச் சொல்கிறேன். ஆனால் காற்றைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. சுவரில் ஓட்டை போட்டுப் புகைபோக்கி வைக்கவும் தோட்ட நிர்வாகத்திடம் கேட்கவேண்டிய வீட்டில் இருக்கிறோம். தலைமுறை தலைமுறையாக இருந்தும் அந்த வீடு எங்கள் பெயரில் இல்லை. 2022இல் காஸ் கிடைக்காமல் போனபோது, அடுப்பு வாங்கியவர்களும் விறகுக்கே திரும்பினார்கள். இதுவும் எங்கள் கவனக்குறைவா?

அடுத்த கூட்டத்துக்கு ரிப்பன் வேண்டாம். காற்றை அளக்கும் கருவி ஒன்று கொண்டு வாருங்கள், காலை ஐந்து மணிக்கு எங்கள் அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். இந்த நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த வருடச் சராசரி எல்லை கனமீற்றருக்கு 5 மைக்ரோகிராம். கருவி என்ன காட்டுகிறது என்று மேடையில் வாசியுங்கள்.